சாமைக்கு வந்த அந்தஸ்து!

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கிரகப்பிரவேசம். பதினான்காவது மாடியில் ஃப்ளாட். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கணவன், மனைவி இருவருக்குமே கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய சம்பளம்.

பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் சாதம் விழுந்தது. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் பொடிப்பொடியாக...

"ஒயிட் ரைஸை இந்த வீட்டுக்குள்ளேயே விடறதில்லை. இது ஜவ்வாது மலை சாமை. ஆர்கானிக்! சொல்லி வெச்சு வாங்கினோம்" என்றார் வீட்டுக்கார அம்மாள். குரலில் லேசான பெருமை.

எனக்குப் பக்கத்தில் அவருடைய பெரியம்மா. வயது எழுபதுக்கு மேல். போளூர்ப் பக்கம், மலையடிவாரத்துக் கிராமம். இலையை ஒரு தடவை பார்த்தார், தங்கை மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"ஏம்மா, விருந்துக்கு வந்தவங்களுக்குச் சாமைச் சோறா போடறே? எங்க காலத்துல சாமைச் சோறு திங்கிற வீடுன்னா பொண்ணு குடுக்கவே யோசிப்பாங்க!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. ஆனால் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்ன விஷயம்தான் சிரிக்கும்படி இல்லை.

"ரெண்டு மாசமா சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன் சார். சாமை சாப்பிடறேனே... அப்புறம் எதுக்கு மாத்திரை?"

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அங்கேதான் பிறந்தது.

வெள்ளைச் சோறு என்ற கனவு

நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பதை வயிறு மட்டும் முடிவு செய்வதில்லை. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த நம் தாத்தா, பாட்டிகளுக்கு அன்றாடச் சாப்பாடு கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, வரகு. நெல்லுச் சோறு? தீபாவளி, பொங்கல், கல்யாணம். அவ்வளவுதான்! தினமும் நெல்லுச் சோறு பொங்குகிற வீடு, வசதியான வீடு. அந்தச் சோறு மல்லிகைப் பூ மாதிரி வெளுப்பாக இருந்தால் அது இன்னும் ஒரு படி மேல்.

மில்கள் வந்தன. அரிசியைத் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கின. போனது தவிடு மட்டுமா? தவிட்டோடு ஒட்டியிருந்த நார்ச்சத்தும் வைட்டமின்களும் சேர்ந்தே போயின.

இதில் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. கதை என்றாலும் நடந்த நிஜம். 1890-களில், இன்று ஜகார்த்தா என்று சொல்கிறோமே, அந்த ஊரில் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு டாக்டர் 'பெரிபெரி' நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். கால் மரத்து, நடக்க முடியாமல் போகிற நோய். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்துக் கோழிகளுக்கும் அதே மாதிரி கால் துவண்டுபோனது. பிறகு தானாகவே குணமாகியும் விட்டது!

என்ன காரணம் என்று துருவிப் பார்த்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரருக்கு அது பொறுக்கவில்லை. ராணுவத்தாருக்கு ஆக்கிய உசத்தியான சோற்றைக் கோழிக்குப் போடுவதா? நிறுத்திவிட்டார். அதன்பின் கோழிகளுக்குக் கிடைத்தது தவிடு நீக்காத மட்ட அரிசி. பிழைத்துக் கொண்டன!

உசத்தி என்று நினைத்தது நோயைக் கொடுத்தது. மட்டம் என்று ஒதுக்கியது மருந்தாக இருந்தது. தவிட்டில் இருந்த அந்த மருந்துதான் வைட்டமின் பி1 என்று பிற்பாடு தெரிந்தது. ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மேலே ஏறிய அரிசி... கீழே இறங்கிய சாமை

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். காவலூர் தொலைநோக்கி நிலையம் இருப்பதும் இந்த மலையில்தான். இங்கே பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். (கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்கிறவர்கள், மலைவாசிகள் என்ற பொருளில் வந்த பெயர்.)

மலைச்சரிவில் மழையை மட்டும் நம்பி இவர்கள் விளைவித்து வந்த தானியம், சாமை. அதிக உரம் கேட்காது, பாசனம் கேட்காது. மழை கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் சாமையைச் சோறாக்குவது லேசுப்பட்ட வேலை அல்ல. பொடி தானியம், கெட்டியான உமி. "உரல்ல போட்டுக் குத்தணும், முறத்துல புடைக்கணும், மறுபடி குத்தணும். ஒரு வேளை சோத்துக்கு அரை நாள் போயிரும். கை காப்புக் காய்ச்சிரும்" என்று பெரியம்மா தன் உள்ளங்கையைக் காட்டினார். அந்தச் சுமை முழுக்கப் பெண்கள் தலையில்தான்.

இந்த நிலையில் ரேஷன் அரிசி மலை ஏறியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் இலவசமாகவே கிடைத்தது. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். உலையில் போட்டால் சோறு! எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? பசியைப் போக்கியதில் அந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது வந்தபின் மலைவாழ் குடும்பங்களின் தட்டிலும் வெள்ளைச் சோறு நிரந்தரமாகிவிட்டது. சாமை, விற்பதற்கான பண்டமாக மாறியது.

அதே சமயம் கீழே, நகரத்தில் வேறு ஒரு மாற்றம். 1991-க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அப்பா கிளார்க்காக இருந்த வீட்டில் பிள்ளை லட்சங்களில் சம்பளம் வாங்கினான். புதிதாக ஒரு வசதி படைத்த வர்க்கம் உருவானது. முதலில் கார், ஃப்ளாட், வெளிநாட்டுச் சுற்றுலா. இதெல்லாம் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்ததும், 'நாங்கள் வேறு' என்று காட்ட வேறு ஏதாவது வேண்டாமா? கையில் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கடிகாரம், மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மலைத்தேன், சிறுதானியம்...

பணம் வந்தவர்கள் தங்கள் உயரத்தைப் பிறர் கண்ணில் படும்படியான செலவுகளால்தான் காட்டுகிறார்கள் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே எழுதினார். அவர் நம் ஊர் ஆர்கானிக் கடைகளைப் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்!

அரசாங்கமும் சிறுதானியத்துக்கு மரியாதை கொடுத்தது. 'மட்ட தானியம்' என்ற பொருள்படும் பழைய ஆங்கிலப் பெயரை மத்திய அரசு 2018-ல் மாற்றி, 'ஊட்டச்சத்து தானியம்' என்று அறிவித்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் டில்லியில் ஜி-20 தலைவர்களுக்கு ஜனாதிபதி கொடுத்த விருந்தில் சாமையில் செய்த மொறுமொறு பலகாரமும் பரிமாறப்பட்டது. பெண் கொடுக்கத் தயங்கவைத்த சாமை, உலகத் தலைவர்களின் தட்டில்!

நல்ல விஷயம்தான். விலை கிடைத்தால் மலை விவசாயி சாமையைக் கைவிட மாட்டார். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. 'ஏ.டி.எல். 1' என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

சரி... அந்தஸ்து வந்துவிட்டது. ஆரோக்கியம் வந்ததா?

பணக்கார வியாதி இடம் மாறியது!

சர்க்கரை நோயைப் 'பணக்கார வியாதி' என்று சொல்வோம். உட்கார்ந்தே வேலை, நெய், இனிப்பு... வசதி உள்ளவர்களுக்குத்தான் வரும் என்று ஒரு எண்ணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. 15 மாநிலங்களைப் பற்றி 2017-ல் வெளியான முடிவுகளின்படி, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் போன்ற முன்னேறிய பகுதிகளின் நகரங்களில், வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம்!

அதே ஆய்வின் 2023 கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர்.

யோசித்துப் பாருங்கள். வசதி உள்ளவருக்கு டாக்டர், டயட்டீஷியன், ஜிம், நடப்பதற்குப் பூங்கா, வருஷா வருஷம் செக்கப் எல்லாம் கிடைக்கிறது. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு? மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, நடுவே சர்க்கரை தூக்கலாக டீ, பசிக்கு இரண்டு பஜ்ஜி. சுகர் டெஸ்ட் எடுக்கவே நேரம் இல்லை. வீட்டுக்கார அம்மாள் சாமைக்கு மாறிவிட்டார். சாமை சாப்பிட்டே வளர்ந்த குடும்பத்திலிருந்து வந்த அந்த அம்மா வெள்ளைச் சோற்றுக்கு மாறிவிட்டார். தட்டுகள் கைமாறிவிட்டன. நோயும் கூடவே கைமாறுகிறது.

அதற்காக வசதியானவர்கள் நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் இல்லை.

சாமையில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். சமைக்காத தானியம் 100 கிராமில் இருப்பது:

நார்ச்சத்து: சாமையில் சுமார் 7.7 கிராம், வெள்ளை அரிசியில் 2.8 கிராம்.

புரதம்: சாமையில் சுமார் 10 கிராம், அரிசியில் 8 கிராம்.

இரும்புச் சத்து: சாமையில் சுமார் 1.3 மில்லி கிராம்; அரிசியில் 0.65 மில்லி கிராம்.

கலோரி: சாமையில் சுமார் 346, அரிசியில் 356.

முதல் மூன்றிலும் சாமைக்கே ஜெயம். சந்தேகமே இல்லை. ஆனால் கடைசி வரியை மறுபடி படியுங்கள். கலோரி வித்தியாசம் வெறும் பத்து! "சாமைதானே" என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசம் அங்கேயே காலி.

இன்னொரு விஷயம். 'சாமையில் இரும்புச் சத்து ஒன்பது மில்லி கிராம்' என்று சில பாக்கெட்டுகளில் போட்டிருப்பார்கள். அது பழைய பட்டியலில் இருந்த கணக்கு. புதிய அளவீட்டில் அது ஒன்றேகாலைச் சுற்றித்தான் வருகிறது. ரத்தசோகை இருக்கிற பெண்கள் சாமையை மட்டும் நம்பி இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

சாமைக்கும் வெள்ளை அடிக்கிறார்கள்!

பழைய ஆசை விடுமா? சாமையை வாங்குகிறவருக்கும் அது 'பளிச்'சென்று இருக்க வேண்டும். அதனால் சில மில்களில் உமியை மட்டும் நீக்காமல், உள்ளே இருக்கும் தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுகிறார்கள். வியாபாரிக்கும் இது வசதி. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீட்டாத சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தீட்டியது பல மாதம் தாங்கும்.

தவிட்டை நீக்கினால் என்ன ஆகும்? சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தையும் சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் விஞ்ஞானிகள் தீட்டிப் பார்த்து, 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். புரதம், நார்ச்சத்து, தாதுச் சத்துகள் குறைந்தன. மாவுச்சத்தின் பங்கு கூடியது. அதாவது, அரிசிக்கு என்ன நேர்ந்ததோ அதேதான் சாமைக்கும்! நூறு வருஷத்துக்கு முன் செய்த தப்பைக் கூடுதல் விலை கொடுத்து மறுபடி செய்கிறோம்.

மாவை மாற்றினால் போதுமா?

2025-ல் அதே நாடு தழுவிய ஆய்விலிருந்து இன்னொரு செய்தி வந்தது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அந்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை நீக்கி, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பெரியம்மா சொன்ன பழைய சாப்பாடும் கிட்டத்தட்ட இதுதான். "வெறும் சாமையை யாரும்மா திம்பாங்க? மொச்சைக் குழம்பு, கொள்ளு, கீரைக் கடைசல் இல்லாம தொண்டையில எறங்குமா? தின்னுட்டு மலை ஏறி எறங்குவோம்ல!"

நகரத்து வீடுகள் சாமையை மட்டும் வாங்கி வந்தன. மொச்சையும் கொள்ளும் மலை ஏறுகிற காலும் கூட வரவில்லை!

உங்கள் வீட்டுக்கு...

• நிறத்தைப் பாருங்கள். தீட்டாத சாமை லேசான பழுப்பாகவோ சாம்பலாகவோ, மங்கலாக இருக்கும். பளீர் வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள். விலையும் பாக்கெட்டின் அழகும் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

• கொஞ்சமாக வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியது போதும். முகர்ந்து பார்த்து, சிக்கு வாடை வந்தால் வாங்காதீர்கள்.

• அளந்து போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குச் சமைக்காத சாமை சுமார் 50 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் பொலபொலவென்று வரும். குழைய விட வேண்டாம்.

• தட்டை நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு காய், கீரை. ஒரு பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். மிச்சம் ஒரு பங்குதான் சாமையோ அரிசியோ.

• சிறுதானியத்தில் செய்ததாலேயே பிஸ்கட், லட்டு, முறுக்கு எல்லாம் மருந்தாகிவிடாது. அதில் சேர்த்த சர்க்கரையும் எண்ணெயும் எங்கேயும் போகவில்லை.

• குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளில் ஆரம்பியுங்கள். எடுத்தவுடன் மூன்று வேளையும் என்றால் வயிறு உப்பும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மாறுங்கள்.

• சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இரண்டையும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது. சாப்பாட்டை மாற்றும்போது சர்க்கரை அளவு குறையலாம், அல்லது ஏமாற்றலாம். டெஸ்ட் எடுத்துப் பார்த்து டாக்டர்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

• வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். ரேஷன் அரிசியைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் கேழ்வரகு, பாசிப்பயறு, சுண்டல், முருங்கைக் கீரை சேர்த்தால் அதே பலன் குறைந்த செலவில் கிடைக்கும். 2023-ல் தமிழக அரசு நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்ததே, அது நல்ல வழி. சாமையும் அப்படி ஒரு நாள் மலைவாழ் மக்களின் தட்டுக்கே திரும்பினால் இன்னும் நல்லது.

உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் இருந்தால், அடுத்த தடவை சுகர் டெஸ்ட் எடுக்க நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பாக்கெட் ஆர்கானிக் சாமை விலையில் அது முடிந்துவிடும்.

அந்த வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நான் விடாமல் நச்சரித்ததில், மூன்று மாதச் சராசரி டெஸ்ட் எடுத்தார். 9.8! சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு 7-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் இருந்தது. செருப்புக் கடித்தது என்று நினைத்திருக்கிறார். டாக்டர் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மாத்திரை மறுபடி ஆரம்பம். புண் ஆற ஆறு வாரம் ஆனது. விரல் தப்பியது.

போன மாதம் போயிருந்தேன். அதே சாமைச் சோறுதான். ஆனால் இலையில் ஒரு கரண்டி மட்டும். பக்கத்தில் மொச்சைக் குழம்பு, கீரை, அவரைக்காய்ப் பொரியல். பெரியம்மாவின் மேற்பார்வையாம்!

"இப்பதான் இது சாப்பாடு" என்றார் பெரியம்மா. "அன்னிக்குப் போட்டியே, அது பவுசு!"